நான் தம்மை விட்ட கதை

போன வாரம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஆணி எல்லாம் புடுங்கி முடிச்சு லேப்டாப்பை மூடப் போற நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன்கிட்ட இருந்து வாட்ஸப்புல ஒரே ஒரு வரி. "மாப்ள, நீ எப்டிடா தம்ம விட்ட?"

முன்னாடியும் ஒண்ணுமில்ல, பின்னாடியும் ஒண்ணுமில்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா எனக்கு மொத சிகரெட்டைப் பத்த வச்சுக் குடுத்த புண்ணியவானே அவன்தான். "என்னடா திடீர்னு?"ன்னு கேட்டா, "வீட்ல அவளுக்கு அஞ்சாவது மாசம்டா"ன்னான்.

பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. வாட்ஸப் தாங்காதுன்னு இங்க எழுதிட்டேன். இது அவனுக்கான பதில்தான். நீங்களும் பக்கத்துல உக்காந்து படிங்க :-)

(டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. சென்னையில பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். என் ஒருத்தன் கதையும், அதைப் புரிஞ்சுக்க நான் தேடிப் படிச்சதும்தான் இதுல இருக்கு.)

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். மேற்கால மலை கூடவே வரும். எங்க வீடு ராஜபாளையத்துல, பஞ்சு மார்க்கெட் பக்கம். அப்பா மில்லுத் தொழிலாளி. தெருவுல பாதிப் பேருக்கு என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் தெரியும். ஜவஹர் மைதானம் பக்கம் நான் ஒரு தம்மைப் பத்த வச்சா, அது அணையறதுக்குள்ள வீட்டுக்குச் சேதி போயிரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தப் பிரச்சனை இல்ல. அங்க என்னை யாருக்கும் தெரியாது. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜும் அந்தப் பக்கம்தான். மூணாவது செமஸ்டர்ல ஒரு நாள், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டீக்கடையில, நம்மாளு ஒரு ஃபில்டரைப் பத்த வச்சு நீட்டினான். இருமி, கண்ணுல தண்ணி வந்து, அவன் விழுந்து விழுந்து சிரிச்சு... எல்லாருக்கும் ஒரே கதைதான். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில பிடிக்கிற ஸ்டைலைப் பாத்து வளந்த ஊரு. தீக்குச்சிக்கும் பஞ்சம் கிடையாது, பக்கத்துலயே சிவகாசி, சாத்தூர் :-)

அதுல இருந்து ஒரு எழுதாத சட்டம். ராஜபாளையத்துல தம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல உண்டு. வேலைக்குச் சென்னை வந்தப்புறம் ஒரு நாளைக்கு எட்டு, பத்துன்னு ஏறிப்போச்சு. ஆனா ஊர்ச் சட்டம் மட்டும் மாறல.

இனிமேதான் மேட்டரே. பொங்கலுக்கு, தீபாவளிக்கு ஊருக்குப் போனா நாலு நாள் வீட்டுல இருப்பேன். நாலு நாளும் ஒரு தம் கிடையாது. கஷ்டமா இருக்கணும்ல? இல்ல. கொஞ்சம் எரிஞ்சு விழுவேன். தூக்கம் சரியா வராது. "என்னடா, தொட்டதுக்கெல்லாம் கோவப்படுற?"ன்னு அம்மா கேப்பாங்க. ஆனா "ஒரு தம் வேணும்"னு மனசு கேக்கவே கேக்காது. அஞ்சாவது நாள் நண்பனைப் பாத்துட்டு வர்றேன்னு பஸ் ஏறுவேன் பாருங்க... ஆண்டாள் கோயில் கோபுரம் தூரத்துல தெரியும். பதினோரு நிலைக் கோபுரம், ரொம்ப முன்னாடியே கண்ணுல பட்டுரும். உலகம் பூரா அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்குவாங்க. எனக்கு நாக்கு ஊறும். இறங்கி டீக்கடை வரைக்கும் நடக்கிற அந்த ரெண்டு நிமிஷம் தாங்காது.

இது எனக்குப் பெரிய புதிரா இருந்துச்சு. நிகோட்டின் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. புகையை இழுத்தா பத்து, இருவது செகண்டுல நிகோட்டின் மூளைக்குப் போயிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல பாதியாக் குறையும். விட்டவங்களுக்கு மொத ரெண்டு மூணு நாள்தான் உடம்பு படுத்துற பாடு உச்சம். அப்புறம் ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அனேகமா அடங்கிரும். அப்படின்னா ராஜபாளையத்துல மூணாவது நாள் நான் சுவத்துல முட்டிக்கணும், ஸ்ரீவில்லிபுத்தூர்ல அஞ்சாவது நாள் கொஞ்சமாவது ஓய்ஞ்சிருக்கணும். நடந்தது நேர் தலைகீழ்.

ஒரு மெஷின்ல வர்ற பக் இன்னொரு மெஷின்ல வரலேன்னா நாங்க என்ன செய்வோம்? கோடுல தேடுறதை நிறுத்திட்டு, சுத்தி என்ன வித்தியாசம்னு பாப்போம். அப்படித் தேடினப்ப சிக்கினதுதான் ரூவன் டார்னு டெல் அவிவ் பல்கலைக்கழகத்து சைக்காலஜி பேராசிரியரோட ஆய்வு. 2010-ல வந்தது. சிகரெட் பிடிக்கிற விமானப் பணியாளர்களை எடுத்துக்கிட்டாங்க. ஒரு தடவை இஸ்ரேல்ல இருந்து ஐரோப்பாவுக்கு, மூணுல இருந்து அஞ்சரை மணி நேரப் பயணம். இன்னொரு தடவை நியூயார்க், பத்து மணி நேரத்துக்கு மேல. ரெண்டுலயும் நடுவானத்துல தம் அடிக்க முடியாது. எப்ப எவ்வளவு ஆசை வருதுன்னு எழுதி வாங்கினாங்க.

ஐரோப்பா விமானம் இறங்கப் போற நேரத்துல ஆசை உச்சத்துல இருந்துச்சு. அதே மணிக் கணக்குல நியூயார்க் விமானத்துல இருந்தவங்களுக்கு அவ்வளவு ஆசை இல்ல. அவங்களுக்கு எப்ப வந்துச்சு தெரியுமா? நியூயார்க் நெருங்கும்போது. கடைசி சிகரெட் பிடிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சுங்கிறதை விட, அடுத்த சிகரெட்டுக்கு எவ்வளவு நேரம் இருக்குங்கிறதுதான் ஆசையை ஏத்துது.

படிச்சதும் எனக்குக் கோபுரம்தான் கண்ணுல தெரிஞ்சுச்சு. என் நியூயார்க் அது!

அப்புறம் யோசிச்சா, இது எங்க வீட்டுலயே நடந்த கதை. எங்கப்பா பீடி குடிச்சவர். ஒரு நாளைக்கு ஒரு கட்டு. கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம், 41 நாள், பீடியைத் தொட மாட்டார். மாலை போட்டப்புறம் மில்லுல கூட வேலை பாக்குறவங்க "சாமி, சாமி"ன்னுதான் கூப்பிடுவாங்க. சாமி பீடி குடிக்குமா? அதனால ஆசையும் பெருசா வராது. மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டின அன்னைக்குச் சாயங்காலமே மறுபடி பீடி. வருஷா வருஷம் இதேதான். அப்பா மட்டும் இல்ல, எங்க தெருவுல முக்காவாசிப் பேரு அப்படித்தான். 41 நாள் உடம்புல ஒரு சொட்டு நிகோட்டின் இல்லாம இருந்தவரு திரும்பப் போறாருன்னா, அவரை இழுத்தது நிகோட்டின் இல்ல. மாலையைப் போடும்போதே "கழட்டுற வரைக்கும்தான்"னு உள்ள ஒரு கதவு திறந்தே இருந்திருக்கு.

நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு வருஷம் மாலையைக் கழட்டிட்டு வந்தவரு பீடியைத் தொடல. அதுக்கப்புறமும் தொடவே இல்ல. ஏன்ப்பான்னு பின்னாடி ஒரு நாள் கேட்டேன். "கடைக்குப் போகல. அவ்ளோதான்"னாரு. அப்ப எனக்குச் சப்புன்னு இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அதுல எல்லாமே இருக்கு.

என் கதைக்கு வர்றேன். நான் மூணு தடவை விட்டுப் பாத்தேன். மொத தடவை ஜனவரி ஒண்ணு. ஆறு நாள் தாங்குச்சு. ரெண்டாவது, "குறைச்சுக்கிறேன்" திட்டம். ஒரு நாளைக்கு மூணுதான்னு கணக்கு. இதை மாதிரி கொடுமை உலகத்துல கிடையாது சாமி. எப்ப அடுத்ததுன்னு நாள் பூரா கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருப்போம். டார் சொன்ன குட்டை விமானத்துல தினமும் மூணு தடவை இறங்குற கதை. மூணாவது தடவை ஒரு ஆப் போட்டேன். எவ்வளவு காசு மிச்சம்னு காட்டிச்சு. மிச்சமான காசுல ஒரு நாள் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். அவ்வ்வ்வ்...

நான் மட்டும் கேணையன் இல்ல. எந்த உதவியும் இல்லாம விட முயற்சி பண்றவங்கள்ல ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சும் விட்டபடியே இருக்குறவங்க நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு பேர்தான். 2004-ல பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது.

போன வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முப்பது வருஷம் கார்டிங்ல பஞ்சுத் தூசியைச் சுவாசிச்ச நுரையீரல், அதுக்கு மேல அந்தக் காலத்துப் பீடி. டாக்டர் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு, "ஸ்மோக்கிங் உண்டா?"ன்னு கேட்டார். "விட்டு இருவது வருஷம் ஆச்சு சார்"னாரு அப்பா. "அன்னைக்கு விட்டதாலதான் இன்னைக்கு நடந்து வந்திருக்கீங்க"ன்னுட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க?"

"இல்ல சார்"னேன்.

அப்பா ஒண்ணும் சொல்லல. மேஜை மேல இருந்த எக்ஸ்ரே கவரையே பாத்துக்கிட்டு இருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஆஸ்பத்திரிக்கு எதுத்த டீக்கடையில ஒண்ணு அடிச்சிட்டு, புதினா மிட்டாய் சப்பிட்டு வந்திருந்தேன்.

மதுரையில இருந்து ராஜபாளையம் வர்ற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாத்தான் வரும். அப்பா ஜன்னலோரம், நான் பக்கத்துல. கோபுரம் தெரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழைஞ்சப்ப அப்பா என்னைப் பாக்காமலே கேட்டார்.

"தம்பி, நீ இங்க எறங்கணுமா? எறங்குறதுன்னா எறங்கிட்டு வா. நான் வீட்டுக்குப் போயிருவேன்."

குரல்ல கோவம் இல்ல, குத்தல் இல்ல. மாத்திரை நேரத்துக்குத் தண்ணி வேணுமான்னு கேக்குற மாதிரிதான் கேட்டார். எத்தனை வருஷமாத் தெரியும்னு எனக்குத் தெரியல. பஸ் அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. நான் எந்திரிக்கல. "இல்லப்பா"ன்னு சொல்லவும் வாய் வரல.

அன்னைக்கு மதுரையில அடிச்சதுதான் கடைசி. (பொறுங்க, இதுல ஒரு சின்னப் பொய் இருக்கு. பின்னாடி சொல்றேன்.)

அடுத்து நான் செஞ்சதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். நண்பன் கேட்டது இதைத்தான்.

மொதல்ல ரெண்டு வாரம் வீட்டுல இருந்தே வேலைன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். உடம்பு படுத்துற நாளை, மனசு கேக்காத ஊர்ல கழிச்சிரணும்னு திட்டம். கழிச்சாச்சு. அஞ்சாறு நாள் தலைவலி, எரிச்சல். அம்மாகிட்டத் திட்டு வாங்கினேன். அவ்வளவுதான்.

ஆனா அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். 1970கள்ல லீ ராபின்ஸ்னு ஒரு ஆய்வாளர், வியட்நாம்ல ஹெராயினுக்கு அடிமையா இருந்து ஊர் திரும்பின அமெரிக்க வீரர்களைத் தேடிப் போய் விசாரிச்சாங்க. திரும்பி வந்த மொத வருஷத்துல மறுபடி அடிமையானவங்க நூத்துக்கு அஞ்சு பேர் அளவுதான். அந்த இடம், அந்தக் கூட்டம், அந்தப் பயம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டாங்க. எனக்கு அந்த வசதி இல்ல. என் வியட்நாம் பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்கு, மாசம் ஒரு தடவை பஸ் அது வழியாத்தான் போகும். ஓட முடியாதுன்னா அந்த இடத்தைக் கழுவித்தான் ஆகணும்.

அதனால பதினஞ்சாவது நாள் நானே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நண்பன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், "டீ மட்டும்தான்டா, கேட்டாலும் குடுக்காத." என்ன நடந்தா என்ன செய்யணும்னு அச்சுப்பிச்சுன்னு ரெடி பண்ணி வச்சிருந்தேன். டீ வந்தா ரெண்டு கையாலயும் கிளாஸைப் பிடிக்கணும். அவன் பத்த வச்சா, காத்து வர்ற பக்கம் போய் நிக்கணும். கேக்க சில்லறையா இருக்கும். அந்த நேரத்துல யோசிக்க மூளை இருக்காது, முன்னாடியே யோசிச்சு வச்சதுதான் கை கொடுக்கும்.

ஆசை வந்துச்சு. பயங்கரமா வந்துச்சு. மொபைல்ல நேரம் பாத்தேன். ஏறிக்கிட்டே போய் உச்சத்துக்கு வந்து, தானா இறங்கிருச்சு. நாலு நிமிஷம்! எட்டு வருஷமா நான் பயந்தது இந்த நாலு நிமிஷத்துக்குத்தான். அடக்கலேன்னா ஏறிக்கிட்டே போகும், வெடிச்சிரும்னு நினைச்சிருந்தேன். அது ஏறுற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இறங்கி நான் பாத்ததே இல்ல, அதுக்குள்ளதான் பத்த வச்சிருவேனே.

அடுத்த மாசம் போனப்ப ரெண்டு நிமிஷம். அதுக்கடுத்த மாசம் கோபுரம் வெறும் கோபுரமாத் தெரிஞ்சுச்சு. பாவ்லோவோட நாய்க்கு மணியடிச்சுச் சோறு போடாம விட்டுக்கிட்டே வந்தா எச்சில் நின்னு போகும்னு ப்ளஸ் டூவுல படிச்சோமே, அதேதான். நாய் நான்தான் :-)

இன்னொண்ணு, வார்த்தை. "விட முயற்சி பண்றேன்"னு யார்கிட்டயும் சொல்லல. "நான் தம் அடிக்கிறதில்ல"ன்னேன். "முயற்சி பண்றேன்"னு சொன்னா "ஒண்ணே ஒண்ணு மாப்ள"ன்னு நீட்டுவாங்க. "அடிக்கிறதில்ல"ன்னா நீட்ட மாட்டாங்க. அதை விட முக்கியம், நம்ம காதுலயும் அது விழுது. மாலை போட்டவரைச் "சாமி"ன்னு கூப்பிடுற மாதிரிதான் இது, கழட்டுற தேதி மட்டும் கிடையாது.

இப்ப அந்தப் பொய். அறுபத்து மூணாவது நாள், சென்னை, ராத்திரி ரெண்டரை மணி. ரிலீஸ் ஊத்திக்கிச்சு. டீமே கீழ இறங்கிப் போச்சு. கையில யாரோ குடுத்தாங்க, வாங்கிட்டேன். பாதியில "அய்யய்யோ"ன்னு ஒரு குரல். அதுக்கப்புறம் வந்த குரல்தான் ஆபத்தானது. "சரி, போச்சு. அறுபத்து ரெண்டு நாளும் வீண். இன்னைக்கு அடிச்சிட்டு நாளைக்குப் பாப்போம்." ஆலன் மார்லட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதைத்தான் 1980கள்ல எழுதினார். ஒரு தடவை சறுக்குறது ஆளைக் கவிழ்க்கிறதில்ல. "நான் லாயக்கில்ல"ன்னு அதுக்கு நாம எழுதுற விளக்கம்தான் கவிழ்க்குது.

ஒரு பக் வந்தா மொத்த சாஃப்ட்வேரையும் அழிச்சிட்டா போறோம்? எங்க விட்டேன்னு பாத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கழுவினேன், ஆபீஸ் எதுத்த டீக்கடையைக் கழுவினேன், ரிலீஸ் ராத்திரி ரெண்டரை மணியைக் கழுவல. அதுக்கும் ஒரு திட்டம் போட்டேன். அடுத்த ரிலீஸுக்குக் கீழ இறங்கல, மாடிப்படியில ஏறி இறங்கினேன். இன்னையோட 500 நாள்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். நியாயமாப் பாத்தா 437தான்.

நட்டம் எதுவும் இல்லையான்னா, இருக்கு. நாலு கிலோ ஏறியிருக்கேன். விட்ட மொத வருஷத்துல சராசரியா நாலஞ்சு கிலோ ஏறுறது சகஜமாம். என் கேஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பங்கு உண்டு. லாபத்தையும் சொல்லிரணும். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனிச்சு ரிச்சர்ட் டாலும் கூட இருந்தவங்களும் 2004-ல சொன்ன கணக்கு: 60 வயசுல விட்டா ஆயுள் சுமார் 3 வருஷம் கூடும். 50-ல விட்டா 6, 40-ல விட்டா 9, 30-ல விட்டா 10. சிகரெட் பறிக்கிறதே சராசரியா பத்து வருஷம்தான். அதாவது முப்பதுக்குள்ள விட்டா அனேகமா முழுசையும் திருப்பி வாங்கிடலாம். நான் விட்டப்ப எனக்கு 27. மாப்ள, உனக்கு இப்ப 28. கணக்கு உனக்கே புரியும்.

தனியா விடணும்னு வீம்பு பண்ணாத. நிகோட்டின் சூயிங்கம் விடுற வாய்ப்பை ஒண்ணரை மடங்கு ஆக்குது, டாக்டரைக் கேட்டு வாங்கிக்கோ. வீட்ல சொல்லு. ரஜினியே 2023 ஜனவரியில சென்னையில ஒரு நாடக விழா மேடையில, தன்னோட பழைய பழக்கங்களை மாத்தினது மனைவி லதாதான்னு சொல்லலையா? ஃபிரேமிங்ஹாம்னு ஒரு அமெரிக்க ஊர்ல பன்னெண்டாயிரம் பேரை 32 வருஷம் கவனிச்ச ஆய்வு 2008-ல வந்துச்சு. ஒருத்தன் விட்டா அவன் நண்பன் சிகரெட் பிடிக்கிற வாய்ப்பு 36 சதவீதம் குறையுதாம். அதனால உன்னை நான் இழுக்கிறது நியாயம்தான். இழுத்து விட்டவன் நீ, இழுத்து எடுக்கிறது நான்.

போன மாசம் அப்பாவை மறுபடி செக்கப்புக்கு மதுரை கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேன். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நின்னுச்சு. இந்த தடவை அவர் எதுவும் கேக்கல. நானே "ஒரு நிமிஷம்ப்பா"ன்னு எந்திரிச்சேன். இறங்கிப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டுத் திரும்பினா, ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். டப்பாவைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். பஸ் கிளம்பினதும், "சுகருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரேடா"ன்னுட்டு, அவரே டப்பாவைப் பிரிச்சார்.

மாப்ள, வர்ற சனிக்கிழமை ஊருக்கு வர்றேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்துரு. ரெண்டு டீ மட்டும். அந்த நாலு நிமிஷத்துக்கு நான் கூட நிக்கிறேன்.

பி.கு: சிகரெட் பாக்கெட்டுலயே ஒரு நம்பர் போட்டிருக்கும், 1800-11-2356. புகையிலையை விட உதவுற தேசிய இலவச எண். 2016-ல ஆரம்பிச்சது. பாக்கெட்டைக் கடைசியாத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க :-)